சோறு எட்டும் தூரம்

மணப்பாட்டுக் கரையில் எந்த வள்ளமும், வீட்டிலிருந்து மதியச் சோறு கொண்டுவரும் ட்ரோன் எட்டும் தூரத்தைத் தாண்டிப் போவதில்லை. சோறு வராத இடத்தில் மனிதனுக்கு என்ன வேலை என்பது ஊர்க் கட்டுப்பாடு.

கில்பர்ட் எல்லையோரம் வலைவீசும் நாட்களில் சிக்னல் அறுந்து ட்ரோன் பாதியிலேயே திரும்பிவிடும். அவன் பட்டினியாக வந்து நிற்பதைப் பார்க்க மனைவி விஜிலாவுக்கு மனசு கேட்கவில்லை. ட்ரோனின் ரேடியோ அமைப்பில், கூடுதல் வலுவுக்கு அனுமதி உள்ள வேறொரு நாட்டின் பெயரைப் போட்டு, சிக்னலின் வலுவை ஊரில் யாருக்கும் தெரியாமல் கூட்டிவிட்டாள். சோறு போய்ச் சேர்ந்தது. அந்தத் தைரியத்தில் அவனும் நாளுக்கு நாள் தள்ளிப் போனான்.

நேற்று ட்ரோனை இயக்கும் திரையில் அவனைச் சுற்றி வேறு வள்ளமே இல்லை. வானம் கறுத்துக் கிடந்தது. அவனோ சிரித்தான்.

“ஏளா, இன்னுங் கொஞ்சம் கூட்டி வையி. அங்கிட்டு சீலா மீனு கூட்டங் கூட்டமா நிக்கி!”

இன்று காலை அவள் பழைய அமைப்புக்கே மாற்றிவிட்டாள்.

மதியம், புளிச்சோற்றைச் சுமந்துபோன ட்ரோன் பழைய எல்லையில் நின்றது. திரையில் வெறும் தண்ணீர். சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. ஊர்க் கட்டுப்பாட்டை மறந்துவிட்டானோ? நானே மறக்கடித்துவிட்டேனோ? விஜிலா ட்ரோனைத் திருப்பாமல் திரையையே பார்த்திருந்தாள்.

கடைசியில் ஒரு புள்ளி தெரிந்தது. அது நீல வள்ளமாயிற்று. பிறகு அவனுடைய எரிச்சலான முகம்.

“ரேடியோ கெட்டுப்போச்சாளா? இம்புட்டு தூரம் திரும்ப வச்சிட்டியே!”

“ரேடியோ நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “எனக்குத்தான் அம்புட்டு தூரம் எட்டல. மொதல்ல சாப்பிடுங்க.”