குலுங்காத வண்டி

காலை ஒன்பது மணிக்குப் புது டீசல் வேனின் நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தார்கள். முன்பக்கம் இடது சக்கரத்தடியில் இருந்தவன் பெயர் பச்சையப்பன். இன்னும் சரியாகப் பழுக்காதவன். வலது சக்கரத்தடியில் கனியம்மா இருந்தாள். திருஷ்டி கழிய நால்வரையும் நசுக்கிவிட்டுத்தான் வண்டி தெருவுக்குப் போகும்.

"வண்டியைப் பாத்தியாடா? ஏழு பேர் காலை நீட்டி உக்காரலாமாம். கடைசி சீட் வரைக்கும் ஏசியாம்," என்றாள் கனியம்மா.

"நமக்கு எந்த சீட்டுக்கா?"

வேனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பயப்படாதே தம்பி. நான் எதுமேல ஏறினாலும் ஒரு குலுங்கல் தெரியாது."

"உள்ளே இருக்கறவங்களுக்குத்தானே?"

வேன் ஹாரனை ஒரு தடவை அடித்துக்கொண்டது.

"நான் நசுங்கப் போறதில்லைக்கா," என்றான் பச்சையப்பன்.

"வச்ச எடத்துல இருடா. நல்ல காரியம் நடக்குது."

தரை மதில் பக்கமாகச் சற்றே சரிந்திருந்தது. பச்சையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கமே சாய்ந்திருந்தான். டயர் தொட்டதும் வழுக்கி, மதிலோர மண்ணுக்கு உருண்டு போனான். மற்ற மூவரும் நசுங்கினார்கள்.

"நாலும் நசுங்கிச்சா?" என்று வண்டிக்குள் வீட்டுக்காரம்மா கேட்டார்.

"எங்கே தெரியுது? அவ்வளவு சொகுசு," என்றார் கணவர். யாரும் இறங்கிப் பார்க்கவில்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, ஜூன் 9 அன்று, அந்த வீட்டுக்கு அடுத்த வேன் வந்தது. மதிலோரம் நின்ற எலுமிச்சை மரத்திலிருந்து நான்கு பழங்களைப் பறித்தார்கள்.