நாலும் கறுப்பு

"எவன் அக்கா இந்த வேலையைப் பார்த்தது?"

ஸ்டிக்கர் வெட்டும் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டாரை மெக்கானிக் உள்ளங்கையில் வைத்துத் திருப்பினான். நாலு ஒயர். எலி கடித்துத் துண்டித்த நாலும் கறுப்பு. மேலே ஒட்டியிருந்த விவரச்சீட்டைக்கூட யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள்.

"போன தடவை ஒருத்தர் ஒயரை மாத்திக் கொடுத்தாரு தம்பி," என்றாள் ஸ்டிக்கர் கடைக்காரி. "இப்பக் கூப்பிட்டா அடுத்த வாரம்தான் வருவாராம். சாயங்காலத்துக்குள்ள வெட்டிக் கொடுக்கலைன்னா மருந்துக் கம்பெனிக்காரங்க வேற கடைக்குப் போயிடுவாங்க. என் கடை ஓடுறதே அவங்க ஆர்டர்லதான்."

"மெதுவாத்தான் வருவான். அவனை விட்டா உங்களுக்கு வேற கதியில்லைன்னு தெரியுமே! எந்த ஒயர் எதோட ஜோடின்னு இன்னொருத்தன் கண்டுபிடிச்சிடக் கூடாது, அதான் எண்ணம். சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவன் செய்வானா இதை?"

திட்டிக்கொண்டே இரண்டு ஒயர்களின் நுனியைச் சேர்த்து முறுக்கினான்.

"மோட்டார் தண்டைத் திருகிப் பாருங்க."

"லேசாத்தான் சுத்துது."

ஒன்றைப் பிரித்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தான். "இப்ப?"

"அட, உள்ளேருந்து யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு!"

"அப்ப இது ரெண்டும் ஒரு ஜோடி. மிச்சம் ரெண்டும் ஒரு ஜோடி. இவ்வளவுதான் அவன் கட்டிக் காத்த பரம ரகசியம்!"

ஒரு ஜோடிக்குச் சிவப்பு டேப், இன்னொன்றுக்கு நீலம். மெஷினில் மாட்டி சுவிட்சைப் போட்டதும் கத்தி எதிர்ப்பக்கம் ஓடி முட்டியது. அவள் நெஞ்சில் கை வைத்தாள். அவன் நிறுத்திவிட்டு, நீல ஜோடியின் இரு நுனிகளையும் இடம் மாற்றினான். கத்தி சொன்ன பேச்சைக் கேட்டது.

"கை ராசி தம்பி உங்களுக்கு."

"ராசியில்ல அக்கா, மனசாட்சி. தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கணும். போகும்போது தலையிலயா கட்டிக்கிட்டுப் போகப்போறோம்?"

"நிஜந்தான். இனிமே எலி கடிச்சாலும் கவலையில்ல. இந்தக் கலரைப் பார்த்து நானே மாட்டிக்குவேன். உங்களையும் அலைய வைக்க வேண்டாம்."

"அப்படித்தான் அக்கா இருக்கணும்."

அவள் ஸ்டிக்கர் ரோலை எடுக்க உள்ளே போனாள்.

மெக்கானிக் மூடியை மாட்டும் முன், நாலு ஒயரிலிருந்தும் டேப்பை உரித்து, உருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.