நான்கில் ஒரு ஸ்க்ரூ

டொமினிக் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் துலக்கினான். ரொட்டியில் காயா ஜாம் தடவித் தின்றான்.

சட்டை படுக்கையறை அலமாரியில் இருந்தது. உள்ளே போய், மேலே பார்க்காமல் எடுத்துக்கொண்டு வந்தான். மனைவி வலேரி போன இந்தப் பத்து மாதமாக அவன் ஹாலில்தான் படுக்கிறான்.

எட்டு மணிக்குச் செமினியில், வீட்டுக் கூரைகளைப் புயல்காற்றுக்குச் சோதிக்கும் கொட்டகையில் இருந்தான்.

இன்றைய மாதிரிக் கூரை, கிள்ளானில் அவன் தன் கையாலேயே போட்ட சொந்த வீட்டுக் கூரையின் அச்சு அசல் நகல். மரச்சட்டத்தைச் சுவரோடு பிணைக்க இரும்புப் பட்டைகள். பட்டைக்கு நான்கு ஸ்க்ரூ. படுக்கையறைக்கு மேலே வரும் பட்டையில் மட்டும் ஒன்றே ஒன்று.

அந்தப் பிழையையும் நேற்று அப்படியே முடுக்கி வைத்தான். வீட்டில் அது கண்ணில் பட்டதே வலேரியை அடக்கம் செய்த பிறகு, ஒயர் மாற்றக் கூரைக்குள் ஏறியபோதுதான்.

மீட்டர் பார்க்கும் லோகன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். “யாரு பாஸ் இத முடுக்குனது? ஒரு ஸ்க்ரூ போட்டுட்டுச் சாப்பிட ஓடிட்டானா?”

“ஆமா,” என்றான் டொமினிக்.

வீட்டுக்குக் கூரை போட்ட அன்று கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டது வலேரி. நண்டுப் பிரட்டல்.

விசிறி உறுமியது. மணிக்கு எழுபது கிலோமீட்டர். எண்பது. தொண்ணூறு.

கிள்ளானில், வலேரி நோயில் கிடந்த அந்த மாலை அடித்த காற்று தொண்ணூறு. எதிர் வரிசையில் மூன்று கூரைகள் பறந்தன. வலேரி படுத்திருந்த அறையின் கூரை நின்றது. நிறுத்தியது அதிர்ஷ்டமா, அவன் வேலையா? அது தெரியாமல்தான் அவனால் அந்த அறையில் படுக்க முடியவில்லை.

நூறு. நூற்றிருபது. பட்டை நடுங்கியது.

நூற்று முப்பத்தைந்தில் ஓரத்துத் தகடு ஒன்று தூக்கிக்கொண்டது. பட்டை விடவில்லை.

லோகன் விசிறியை நிறுத்தினான். டொமினிக் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பசித்தது. நிஜமாகவே பசித்தது. இன்றைக்குக் கட்டிலில் படுக்கலாம் என்று நினைத்தான்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் சொல்லி, அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த நான்காம் நாள்தான் அந்தப் புயல் மாலை. காற்று ஏற ஏறப் பயந்துபோய், பிரிக்ஃபீல்ட்ஸில் உன் அம்மாவின் அடுக்குமாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடவா என்று கேட்டான்.

வலேரி கூரையைப் பார்த்தாள். அவள் கடைசியாகப் பேசியது அப்போதுதான்.

“நீங்க போட்டதுதானே, டொம். ஒண்ணும் ஆகாது லா. நான் தூங்குறேன்.”