ஆறாவது ஆள்

"புரொபசர், நீங்க குடுத்த வீட்டுப்பாடத்துலயே தப்பு இருக்கு!" என்றாள் இட்செல், கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத துணிச்சலோடு.

வீடில்லாமல் காரில் தூங்கும் மாணவர்களுக்காகக் கல்லூரி தன் பார்க்கிங்கை இரவில் திறந்துவிடப்போகிறது. யாருக்கு முதலில் இடம் என்று முடிவு செய்யும் புரோகிராமை முதலாண்டு மாணவர்கள் எழுத வேண்டும். சோதித்துப் பார்க்க ஆறு பேரின் விவரங்களைப் பேராசிரியை ஹெட்லண்ட் தந்திருந்தார்.

"ஆறாவது ஆளைப் பாருங்க. டாக்டர் பட்டம் இருக்கு, வேலை இருக்கு, ஆனா தூங்குறது கார்லயாம்! என் புரோகிராம் 'தவறான தகவல்'னு தள்ளிடுச்சு."

வகுப்பே சிரித்தது. ஹெட்லண்டும் சிரித்தார்.

"தள்ளாதே இட்செல். அப்படியும் ஒருத்தர் இருக்கலாம். பசங்களுக்கெல்லாம் குடுத்துட்டு, கடைசியில போடு."

பேராசிரியை அன்று லேப்டாப் சார்ஜரை மறந்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு, பார்க்கிங் கோடியில் நின்ற அவருடைய காருக்குப் போனாள் இட்செல். பின்சீட்டில் தலையணை, கம்பளி. முன்சீட்டில் ஹெட்லண்ட் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

சத்தமில்லாமல் திரும்பி வந்து அம்மாவுக்கு போன் போட்டாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்தபின் ஹெட்லண்ட் கேட்டார். "என்ன, ஆறாவது ஆளைக் கடைசியில போட்டியா?"

"வரிசையிலயே போடல, புரொபசர்."

"மறுபடியும் தள்ளிட்டியா?"

இட்செல் சார்ஜரை நீட்டினாள். "காலையில இதைக் குடுக்கக் காருக்கே வந்தேன். எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. அம்மா படுக்கையே விரிச்சுட்டாங்க. ராத்திரிக்குச் சோளமாவுல தமாலே அவிக்கிறாங்க. நீங்க வராட்டி என்னைத்தான் திட்டுவாங்க."