ஐந்தாவது கட்டம்

வட்டக்கச்சி அரிசி ஆலைக்குள் நான்கு கமராக்களைப் பூட்டி, கணக்கு வேலை பார்க்கும் சாரங்காவின் மேசையில் திரையை வைத்தார்கள்.

"இன்ரநெற் குடுக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லையக்கா," என்றான் பூட்ட வந்த நிரோஜன். "இன்ரநெற் எண்டால் பெருந்தெரு மாதிரி, ஆரும் வந்து போகலாம். இது ஆலை வளவுக்குள்ள மட்டும் ஓடுற வயர். வெளியில இருந்து ஒண்டும் உள்ள வராது."

மறுநாள் மத்தியானம் திரையில் நான்கு கமராக்களின் கட்டங்களோடு ஐந்தாவது கட்டம் ஒன்றும் தெரிந்தது. அதில் அவளுடைய அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. துணுக்காயில் இருக்கும் அவர்களுடைய வீட்டு முற்றம். அங்கே கமராவே கிடையாது.

சாரங்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரைக்குப் பின்னால் கைவிட்டு வயர்கள் எல்லாவற்றையும் பிடுங்கினாள். நான்கு கட்டங்கள் இருண்டன. அம்மா கூட்டிக்கொண்டே இருந்தா.

உடனே போன் எடுத்தாள். திரையில் அம்மா விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, விறாந்தையில் கிடந்த போனைக் காதில் வைத்தா.

"அம்மா, முத்தத்தில ஆரும் நிக்கினமோ?"

"ஓம் பிள்ளை. உன்ர ஆலையில இருந்து வாறன் எண்டு ஒருத்தர் வந்து நிக்கிறார். பாவம், காலமை துவக்கம் வெயிலுக்க நிண்டவர். இப்பதான் உள்ள வரச் சொன்னனான்."

திரையில் அம்மாவைத் தவிர ஒருவரும் இல்லை.

"வேண்டாம் அம்மா! கதவைச் சாத்துங்கோ!"

அம்மா திரையை நேராகப் பார்த்துச் சிரித்தா. பிறகு திரும்பி வீட்டுக்குள் போனா.

வாசற்படி மெல்ல மெல்லத் திரைக்குக் கிட்ட வந்தது.