மூன்றாவது மணி

"காலையிலேர்ந்து இந்த நம்பர் எங்கேஜ்டாவே இருக்குன்னு கூப்பிடறவா எல்லாரும் சொல்றா. லைன் அறுந்துடுத்தா?" என்று கோதை டீச்சர் கேட்டாள்.

மாமல்லபுரம் தொலைபேசி நிலையத்து லைன்மேன் தாண்டவராயன் சிரித்தான். "அறுந்திருந்தா ரிங் போய்க்கினே இருக்கும் டீச்சர். எங்கேஜ்டுன்னா அங்க யாரோ ரிசீவர எடுத்துக்கீறாங்க."

"சரியா வைக்காம விட்டிருந்தா?"

அவன் சோதனை ரிசீவரை அந்த லைனில் மாட்டிக் காதில் வைத்தான். "இல்ல. பொம்பள கொரலு கேக்குது. யாரு, தங்கச்சியா?"

கோதை இல்லை என்று தலையாட்டினாள். "அது என் ஆத்து நம்பர். நான் தனியாத்தான் இருக்கேன். பூட்டிண்டு வந்திருக்கேன்."

தாண்டவராயனின் சிரிப்பு நின்றது. "இப்ப வச்சிட்டாங்க," என்றான் மெதுவாக.

கோதை மேஜையிலிருந்த போனில் தன் வீட்டு எண்களைச் சுழற்றினாள். மூன்றாவது மணியில் மறுமுனையில் எடுத்தார்கள்.

"கோதை பேசறேன். யாரு வேணும்?"

அது அவளுடைய குரலேதான்.