மூன்று விநாடிப் பார்வை

அரசுப் பதிவேட்டில் உங்கள் பக்கத்தை யார் திறந்தாலும் உங்கள் போனுக்குச் செய்தி வந்துவிடும். பார்த்தவர் பெயர் மட்டும் இருக்காது.

"திங்கக்கிழமை தவறாம யாரோ என் பதிவைப் பாக்காங்க மேடம். யாருன்னு கண்டுபிடிங்க" என்று தூத்துக்குடி சவரிமுத்து புகார் கொடுத்திருந்தார்.

தனியுரிமை அலுவலர் வான்மதிக்கு அது பத்து நிமிட வேலை. பார்த்தவள் பதிவறை எழுத்தர் ஜெசிந்தா, சவரிமுத்துவின் மகள். உறவினர் பதிவைத் திறந்தது நிரூபணமானால் வேலை போய்விடும்.

ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்றே விநாடி, ஒரே பக்கம். அது ஏன் என்று தெரியாமல் வான்மதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெசிந்தாவை அழைத்துக் கேட்டாள்.

"என் கல்யாணத்துக்கப்புறம் பன்னெண்டு வருசமா அப்பா பேசுறதில்ல மேடம். உயிரோட இருக்காரான்னு மட்டும் பார்ப்பேன்."

வான்மதி சவரிமுத்துவுக்குப் போன் செய்தாள். "பேரைச் சொல்லச் சட்டம் விடாதுங்கய்யா. எந்தப் பக்கம்னு சொல்லலாம். நீங்க உயிரோட இருக்கீங்களான்னு காட்டுற பக்கம். வேற எதையும் தொடல."

"உயிரோட இருக்கேனான்னா..." என்று சவரிமுத்து தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றார் கடைசியில். புகார் இல்லையென்றால் விசாரணையும் இல்லை. வான்மதி நிம்மதியாகக் கோப்பை மூடப் போனாள்.

"இரும்மா. அந்தப் பக்கத்துல நான் எதுவும் எழுத இடம் இருக்கா?"

"குறிப்புன்னு ஒரு வரி இருக்கு. சொல்லுங்க, ஏத்திடுறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுதிக்கோம்மா. சுகர் மட்டும் கொஞ்சம் இருக்கு. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."